வாப்பா கையைத் திருப்பியது எதற்கென்றால்

சாய்ந்தமருது,
ஞாயிற்றுக்கிழமை.

மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அன்பு ஜெஸீம் மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மதிலுக்கு இந்தப் பக்கத்திலிருந்து உங்கள் மருமகள் றாஹிலா எழுதுவது. முதலில், எழுதுவதற்கே மன்னிக்க வேண்டும். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருக்கும் மாமாவுக்குக் கடிதம் எழுதுவது மரியாதைக் குறைவு என்று உம்மா சொல்கிறார். ஆனால் நேரில் வந்தால் எனக்கு வாய் வராது என்பது உங்களுக்குத் தெரியும். பட்டமளிப்பு முடிந்து பேராதனையிலிருந்து நான் வந்த அன்று, “என்னடி புள்ள, அங்க என்ன படிச்ச?” என்று நீங்கள் ஆசையோடு கேட்டீர்கள். நான் உங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டு “ஓம்” என்று பதில் சொன்னேன். போனில் எடுக்கலாம் என்றால் வாப்பாவின் நம்பர், உம்மாவின் நம்பர், என் நம்பர் எல்லாவற்றையும் நீங்கள் புளொக் பண்ணி வைத்திருக்கிறீர்கள். இங்கே நாங்கள் சுகம். அங்கே நீங்களும் சபூறா மாமியும் சுகமாக இருக்க துஆச் செய்கிறோம். துஆ என்ற சொல்லை இப்போதைக்கு உங்கள் முன் பாவிக்கக் கூடாதுதான். கடிதத்தில் அதை எழுதாமல் விடவும் மனம் வரவில்லை.

விஷயம் உங்கள் வலது கை. அந்தக் கை சோர்ந்துகொண்டு வருகிறது என்பதும், கடையில் கத்தரிக்கோல் உங்கள் சொல் கேட்காமல் துணியைக் கோணலாக வெட்டுகிறது என்பதும், சோறு அள்ளினால் சின்னவிரல் பக்கத்தால் ஒழுகுகிறது என்பதும் கல்முனை பஸாரில் எல்லாருக்கும் தெரியும். இதெல்லாம் என் வாப்பா உங்களுக்குக் கேடு வரட்டும் என்று கேட்ட பதுவாவால் வந்தது என்று நீங்கள் நம்புவதும் தெரியும். மணிக்கட்டில் ஓதிய நூல் கட்டியிருக்கிறீர்கள். டொக்டரிடம் போகச் சொன்னால், “பதுவாவுக்கு டொக்டர் என்ன மருந்து எழுதுவான்?” என்று கேட்கிறீர்களாம். நியாயமான கேள்விதான். ஆகவே அது பதுவா இல்லை என்பதை விளக்குவது என் கடமையாகிறது. ஏனென்றால் அன்று வாப்பாவைக் கதிரையில் இருத்திக் கையைத் திருப்பச் சொன்னது நான்.

வாப்பாவுக்குக் கொஞ்சக் காலமாகக் கை விறைக்கிறது. லாண்ட்மாஸ்டரின் பிடியைப் பிடித்து ஊரார் வயலெல்லாம் உழுததில், அந்த மெஷினின் நடுக்கம் அவருடைய மணிக்கட்டுக்குள் குடிபுகுந்துவிட்டது. சுபஹுக்கு எழும்பினால் பெருவிரலும் அதற்கடுத்த இரண்டு விரல்களும் “வேற ஆருடையவோ மாதிரிக் கிடக்கு” என்பார். ஈரத் துணியை உதறுவதுபோல் கையை உதறுவார். நான் படித்தது பிசியோதெரபி. வேலைசெய்யும் கிளினிக்கில் ஆண்களின் கையைப் பிடித்துப் பார்க்க எனக்கு இன்னும் கூச்சம் விட்டபாடில்லை. அப்படிப்பட்டவளுக்கு, நோயோடு ஒரு கை சொந்த வீட்டிலேயே கிடைத்தால் சும்மா விடுவேனா? மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுகிறதா என்று பார்க்க ஃபேலன் என்ற டொக்டரின் பெயரில் ஒரு சோதனை இருக்கிறது. இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டவைத்து, விரல்கள் நிலத்தைப் பார்க்க, முழங்கைகளை உயர்த்தி, ஒரு நிமிடம் அசையாமல் வைத்திருக்க வேண்டும். விரல் விறைத்தால் நரம்பு நெருக்கப்படுகிறது என்று அர்த்தம். அந்தச் சோதனையில் இருப்பது அவ்வளவுதான் மாமா.

வீட்டுக்குள் வெளிச்சம் காணாதென்று அஸர் தொழுகைக்குப் பிறகு வளவில் கதிரையைப் போட்டு வாப்பாவை இருத்தினேன். மேற்கே பார்க்க இருத்தியதற்கும் காரணம் உண்டு. கிழக்கே கோழிக்கூடு, அதைப் பார்த்தால் வாப்பா சோதனையை விட்டுவிட்டு எந்தக் கோழி முட்டை இடவில்லை என்று விசாரிக்கத் தொடங்கிவிடுவார். மேற்கே உங்கள் வீடு. சாய்ந்த வெயில் முகத்தில் அடித்ததால் கண்ணை மூடினார். என் போன் சார்ஜில் கிடந்ததால், “நீங்களே அறுபது மட்டும் எண்ணுங்க வாப்பா. நடுவில கதைக்கவும் படாது, கையை எடுக்கவும் படாது” என்றேன். அவரும் வாய்க்குள் எண்ணத் தொடங்கினார். அவர் உதட்டில் இருந்தது எண்கள் மட்டுமே என்று நான் எங்கு வேண்டுமானாலும் வந்து சொல்வேன். அதே நேரம் மதிலுக்கு மேலால் நீங்கள் ஏணியில் நின்று கூரைப் பீலியில் அடைந்த சருகை அள்ளிக்கொண்டிருந்ததை நான் காணவில்லை. உங்கள் பீலிக் குழாய் மழைத் தண்ணீரை எங்கள் வளவுக்குள் விடுவதைப் பற்றி அன்று காலையில்தான் நீங்கள் இருவரும் கேற்றடியில் நின்று கதைத்திருந்தீர்கள். ‘கதைத்திருந்தீர்கள்’ என்பது நான் மரியாதைக்காக எழுதும் சொல்.

நீங்கள் நின்ற இடத்தில் என்னை வைத்துப் பார்க்கிறேன். தொழும் திசையான கிப்லாவையும் உங்களையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டு, கண்ணை மூடி, உதடு முணுமுணுக்க, கையைக் கவிழ்த்துப் பிடித்தபடி மச்சான் இருக்கிறார். மழை பொய்த்த வருஷம் கடற்கரையில் ஊரே கூடித் தொழுதபோது எல்லாரும் புறங்கையை வானத்துக்குக் காட்டித்தானே துஆக் கேட்டார்கள்? இருக்கும் நிலைமையைத் திருப்பிவிடு என்று கேட்பவர் கையைத் திருப்புவார். மார்க்கம் தெரிந்த எவரும் அந்த இடத்தில் நின்றிருந்தால் நீங்கள் நினைத்ததைத்தான் நினைத்திருப்பார். நீங்கள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் கிடக்கிறது.

“மச்சான்! ஏணியில நிக்கிறவனுக்கா பதுவா கேக்கிறாய்? இறங்கின பொறகாவது கேக்கப்படாதா?”

வாப்பா வாய் திறக்கவில்லை. கதைக்கக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். பிறந்ததிலிருந்து என் சொல்லை அவர் அச்சொட்டாகக் கேட்டது அந்த ஒரு நிமிடத்தில்தான்.

“எனக்கில்ல எண்டு சொல்லு மச்சான்! அல்லாஹ்வுக்காக வாயத் திறந்து ஒரு சொல்லுச் சொல்லு!”

அவர் எண்ணிக்கொண்டிருந்தார். நிமிடம் முடிந்தது. விரல்கள் விறைத்திருந்தன, எனக்குச் சோதனை சரிவந்த சந்தோஷம். விறைத்த கையை வாப்பா வழக்கம்போல் உதறினார், உங்கள் வீட்டுப் பக்கமாக. அப்படி உதறுவதும் அந்த நோயின் ஓர் அடையாளம் என்று எங்கள் புத்தகத்தில் இருக்கிறது. நீங்கள் அதை ஆமீன் என்று எடுத்துக்கொண்டீர்கள். அந்த இடத்தில் விளக்கம் சொல்ல வேண்டியவள் நான். நான் ஷாலை இழுத்துக்கொண்டு குசினிக்குள் ஓடி வெங்காயம் உரித்தேன். அன்றைய கறிக்கு வெங்காயம் தேவைப்படவுமில்லை.

பிறகு எனக்கு ஓர் எண்ணம் வந்தது. வாயால் சொல்ல முடியாததைப் படத்தால் காட்டலாம் என்று, அந்தச் சோதனையின் படத்தை எங்கள் பாடப் புத்தகத்தில் போட்டோ எடுத்து உங்களுக்கு வாட்ஸ்அப் பண்ணினேன். கீழே நாலு வரி விளக்கமும் எழுதினேன். அதிகப்பிரசங்கித்தனமாக இருக்கிறதே என்று வெட்கப்பட்டு அதை அழித்துவிட்டுப் படத்தை மட்டும் அனுப்பினேன். இரண்டு கைகள் கவிழ்ந்திருக்கும் படம், ஒரு சொல்கூட இல்லாமல், மச்சான் வீட்டிலிருந்து. நீங்கள் அதை மாமியிடம் காட்டி, “இங்கிலீசிலயும் பதுவா இரிக்கிதாடி? புத்தகம் பாத்துக் கேக்கிறானுகளே!” என்று கேட்டீர்களாம். எங்கள் நம்பர்கள் புளொக் ஆனது அதற்குப் பிறகுதான்.

சபூறா மாமி மட்டும் மனம் பொறுக்காமல், ஒரு வெள்ளிக்கிழமை தட்டில் வட்டிலப்பம் வைத்து மூடிக்கொண்டு எங்கள் கேற்றைத் திறந்தார். அவர் வந்த நேரத்தையும் நான்தான் கெடுத்தேன். விரல் நுனியில் உணர்ச்சி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, கடதாசி கிளிப்பை நிமிர்த்தி வளைத்து அதன் இரண்டு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சில வேளை ஒரு முனையாலும் சில வேளை இரண்டாலும் மெதுவாகத் தொட வேண்டும். நோயாளி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றா இரண்டா என்று சொல்ல வேண்டும். வாப்பா கண்ணை மூடி, “ஒண்டு… ரெண்டு… ரெண்டு… ஒண்டு” என்று ராகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மேசையில் உம்மா புளிப்புத் தண்ணி கரைக்க எடுத்து வைத்த தேசிக்காய்கள். ஒன்று ஏற்கெனவே வெட்டியிருந்தது.

“ஊசியும் தேசிக்காயுமா! என்ன புள்ள இது, சூனியமா!” என்ற மாமியின் குரல் கேட்டு நான் நிமிர்ந்தபோது கேற் மட்டும்தான் ஆடிக்கொண்டிருந்தது.

வாப்பா கண்ணைத் திறக்காமலே கேட்டார். “ஏலக்காய் வாசம் வந்திச்சே மகள்?”

“சபூறா மாமி வந்தாங்க வாப்பா. போயிட்டாங்க.”

“மறுகா? தட்டு?”

“அதுவும் போயிட்டுது.”

கை விறைத்ததற்கு ஒரு நாளும் முகம் சுளிக்காத மனிதர் அன்று முழுக்கக் கேற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உங்கள் தங்கச்சியான என் உம்மாவின் நிலைமையை நான் எழுதாவிட்டால் இந்தக் கடிதம் நேர்மையாக இராது. உங்கள் பெயரைச் சொன்னால் வாப்பாவுக்குக் கோபம் வருமென்று உங்களை ‘அந்தப் பக்கம்’ என்கிறார். அந்தப் பக்கம் சாப்பிட்டாச்சோ, அந்தப் பக்கத்துக்கு இருமல் குறைந்ததோ என்று சுவரைப் பார்த்துக் கேட்கிறார். ஒரு நாள் மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியை வைத்துவிட்டு, “என்ட காக்காட கையும் போகுது, என்ட புருசன்ட கையும் போகுது. எனக்கு மட்டும் ரெண்டு கையும் நல்லாக் கிடந்து என்ன பிரயோசனம்?” என்றார். அதைக் கேட்ட பிறகுதான் உங்கள் கையை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

உம்மாவும் நானும் உங்கள் கடைக்கு லைனிங் துணி வாங்க வந்தது அதற்காகத்தான். நீங்கள் என் தாய்மாமன், எனக்கு மஹ்றம். ஒரு தடையுமில்லாமல் உங்கள் கையைப் பிடித்துப் பார்க்கலாம். ஆனால் கடை நிறைய ஆட்கள், உங்கள் முகம் நிறையக் கோபம், எனக்கோ வழக்கமான வெட்கம். ஆகவே தொடாமலே பார்த்தேன். நீங்கள் கட்டாரில் இருக்கும் உங்கள் மகன் றமீஸ் காக்காவோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தீர்கள். வலது கை காதில், முழங்கை கண்ணாடி லாச்சி மேசையின் விளிம்பில். நாங்கள் துணி தெரிந்து, விலை கேட்டு, மற்றத் துணியையும் பார்த்து முடிக்கும்வரை அந்த முழங்கை அந்த விளிம்பை விட்டு அசையவில்லை. பிறகு பில் எழுதி நீட்டினீர்கள். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் புறங்கைச் சதை குழிவிழுந்திருந்தது. கடதாசியைப் பிடித்த பெருவிரலின் நுனி தூண்டில்போல் வளைந்திருந்தது. அதுவும் ஒரு சோதனைதான் மாமா. கடதாசியைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடிக்கச் சொல்லி எதிர்ப்பக்கம் இழுப்போம். பெருவிரலை நேராக அழுத்தும் சதைக்குப் பலம் போயிருந்தால், வேறொரு நரம்பின் சதை உதவிக்கு வந்து நுனியை மடக்கிவிடும். பிடிப்பதுபோல் இருக்கும், இழுத்தால் வழுகிவிடும். நான் பில்லை வாங்கவில்லை, இழுத்தேன். வழுகி வந்தது. திரும்ப உங்கள் விரலுக்குள் வைத்துவிட்டு இன்னொருக்கா இழுத்தேன்.

“என்னடி புள்ள, பில்லப் பிய்க்கவா வந்த?”

நான் வழக்கம்போல் “ஓம்” என்றேன்.

மற்றக் கையோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் விதி. ஆனால் நம் ஊரில் எந்த முதலாளி இடது கையால் பில் கொடுப்பார்? உங்கள் வலது கைக்கு வேலை கொடுத்தால் இடது கை வருமென்று நினைத்து இலாஸ்டிக் கேட்டேன். நீங்கள் இலாஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு வலது கையாலேயே பில்லைத் தந்தீர்கள். பொத்தான் கேட்டேன், பிறகு இன்னும் கொஞ்சம் இலாஸ்டிக் கேட்டேன். உங்கள் ஒழுக்கம் கடைசிவரை தவறவில்லை. வீட்டில் இப்போது எங்கள் பரம்பரைக்கே போதுமான இலாஸ்டிக் இருக்கிறது. அவ்வளவு கோபத்திலும் எங்களுக்கு விலை குறைத்துத்தான் போட்டீர்கள். உம்மா வரும் வழியெல்லாம் ஓட்டோவில் அழுதது அதை நினைத்துத்தான்.

உங்கள் கையில் நான் கண்டது இதுதான். சின்னவிரல் பக்கத்துக்குப் போகும் நரம்பு முழங்கையின் உட்புற எலும்புக்குப் பின்னால் தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. கதவு நிலையில் இடித்தால் கரண்ட் அடித்தது போல் இருக்குமே, அந்த இடம். அதை நீங்கள் ஒவ்வொரு நாளும் கண்ணாடி விளிம்பில் வைத்து நசுக்குகிறீர்கள், அதோடு கையை மடக்கி நரம்பை இழுத்தும் வைக்கிறீர்கள். முழங்கையைச் சற்று நேரம் மடக்கி வைத்துச் சின்னவிரல் விறைக்கிறதா என்று பார்க்கும் சோதனை ஒன்று எங்களிடம் உண்டு. நாங்கள் நோயாளியிடம் கேட்பதைவிடப் பல மடங்கு நேரம், லுஹர் தொழுகைக்குப் பிறகு, மகனோடு கதைத்துக்கொண்டே நீங்கள் அதைச் செய்துவருகிறீர்கள். மணிக்கட்டில் கட்டியிருக்கும் நூலை முழங்கைக்கு மாற்றினாலாவது பிரச்சினைக்குக் கிட்டவாக இருக்கும். இன்னொன்று: சதையில் அப்படிக் குழி விழ மாதக் கணக்கு வேண்டும். போன ஹஜ்ஜுப் பெருநாளில் நீங்கள் என்னை அணைத்துக்கொண்டு எடுத்த படத்தை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் தோளில் இருக்கும் உங்கள் கையில் குழி அப்போதே தொடங்கியிருக்கிறது. அன்றைக்கு நீங்களும் வாப்பாவும் ஒரே சஹன் தட்டில் சாப்பிட்டீர்கள். அப்போது யார் யாருக்குப் பதுவா கேட்டிருப்பார்?

எங்கள் கிளினிக்குக்குப் பெரியநீலாவணையிலிருந்து கனகரெத்தினம் ஐயா என்று ஒருவர் வருகிறார். பஸ் கொண்டக்டராக இருந்தவர். உங்கள் கையைப் போலவே அவருக்கும் தொடங்கியது. வாதம் என்று நினைத்து எண்ணெய் பூசிக்கொண்டு இருந்துவிட்டார். பிந்தித்தான் ஒப்பரேஷன் செய்தார்கள். விறைப்புப் போனது, சதை திரும்பி வரவில்லை. இடது கையால் சட்டைப் பொத்தான் போடப் பழகிக்கொண்டிருக்கிறார். “பிள்ளை, காசு குடுக்காதவனை எனக்குப் பிடிக்கத் தெரியும். கை போகேக்குள்ள மட்டும் பிடிபடல்ல. டிக்கட் எடுக்காம இறங்கிப் போற ஆள் மாதிரிப் போயிற்று” என்று பகிடியாகச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு உங்கள் பெருவிரல்தான் கண்ணுக்குள் நின்றது.

வாப்பாவுக்கும் ஒப்பரேஷன் நல்லது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். சின்ன ஒப்பரேஷன்தான். வாப்பா மாட்டேன் என்கிறார். “மச்சான்ட கை அப்பிடிக் கிடக்க, நான் என்ட கையச் சுகமாக்கிட்டு பஸாருக்குள்ள போனா என்ன கதைப்பானுகள்? பதுவா கேட்டவன்ட கை பவுண் மாதிரி ஆகிட்டுது எண்டுதானே?” என்று கேட்கிறார். நீங்கள் பதுவா என்று நம்பிக்கொண்டு போகாமல் இருக்கிறீர்கள். அவர் நீங்கள் நம்புவதால் போகாமல் இருக்கிறார்.

சபூறா மாமிக்கு என் ஸலாம். றமீஸ் காக்காவுக்கும் சொல்லுங்கள். இனி அவரோடு கதைக்கும்போது போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு முழங்கையை மடியில் வையுங்கள். மதிலுக்கு இந்தப் பக்கம் உம்மாவும் அவருடைய சுகத்தைக் கேட்டுக்கொள்வார். அல்லாஹ் உங்கள் கையில் பலத்தையும் கடையில் பறக்கத்தையும் தருவானாக. இது உள்ளங்கையை வானத்துக்குக் காட்டிக் கேட்டது.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சியின் மகள்,
றாஹிலா.

பி.கு.: உறையில் போடுவதற்கு முன் இதை வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கோழிக்கூடு வரும் இடம் வரைக்கும் சிரித்தார். எண்கள் மட்டுமே என்று நான் எழுதிய இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

“நாப்பதோட எண்ணிச் சலிச்சிப் போச்சி மகள். சும்மா இரிக்கிற நேரம்தானே எண்டு, ‘யா அல்லாஹ், மச்சான்ட அந்தப் பீலிக் குழாய் அடைபட்டுப் போகட்டும்’ எண்டு ஒருக்காக் கேட்டுட்டன்.”

“வாப்பா!”

“குழாய்க்கு மட்டும்தான். கைக்குக் கேக்கல்ல, வல்லாஹி.”

ஆகவே வாப்பா எண்ணிக்கொண்டிருந்தார் என்று மேலே நான் எழுதிய இடங்களையெல்லாம் நீங்கள் பேனையால் அடித்துவிடலாம். பதுவா கேட்டது உண்மை. ஆனால் கேட்டது குழாய்க்கு, அந்தக் குழாய் நேற்றைய மழையிலும் ஒரு தடையுமில்லாமல் எங்கள் வளவுக்குள் ஓடியது. வாப்பாவின் பதுவாவுக்கு உள்ள பலம் அவ்வளவுதான் மாமா.

இவ்வளவு எழுதியும் கேட்கத் தயங்கிய ஒன்று பாக்கி இருக்கிறது. வியாழக்கிழமை நரம்பு டொக்டரின் கிளினிக் நாள். நீங்கள் வருவதென்றால் தானும் வருவதாக வாப்பா சற்று முன்தான் சொன்னார். காலையில் ஒரே ஓட்டோதான் வரும். முதலில் உங்கள் கேற்றடியில் நிற்கும். ஒன்றும் கதைக்க வேண்டாம், ஏறி மட்டும் இருங்கள். பின் சீட்டில் நடுவில் நான் இருந்துகொள்கிறேன்.